சேற்று நிலமும் நம் சொத்தே!

(சப்பிரகமுவத் தோட்டப் பகுதி மக்களும் அயற்கிராம விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில், சட்டத்தரணியும் அரசியல் ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அறிவித்ததும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா, சம்பளம் பேசுவீங்க, காணி பேசுவீங்கன்னு வந்தோம், சேத்தையும் தவளையையும் பேசப் போறீங்களாமே" என்று கேட்டார். அவர் சிரித்தது முற்றிலும் நியாயம். ஏழு பேர்ச் நிலத்துக்காகப் பரம்பரை பரம்பரையாகக் காத்திருக்கும் ஒரு சமூகத்தின் முன்னால் நின்று, நீர்நாயையும் மீனையும் காப்பாற்ற வாருங்கள் என்று கேட்பவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது கொழும்பிலிருந்து வந்தவனாக இருக்க வேண்டும். நான் இரண்டுமல்லன் என்பதைக் காட்ட எனக்குச் சிறிது நேரம் தாருங்கள்.

உங்கள் பீலியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். மாசி பங்குனியில் பீலி நூலாக ஒழுகும். குடத்தை வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போய் வரலாம் என்று நம் தாய்மார் கசந்து சொல்வதுண்டு. வைகாசியில் அதே ஓடை பாறையை உருட்டிக்கொண்டு வருகிறது. மழை குறைந்த நாடா இது? களுகங்கையும் களனிகங்கையும் வளவகங்கையும் பிறக்கின்ற மலைகளின் மடியில் இருக்கிறோம். மழை குறையவில்லை, பெய்த மழையைத் தாங்கி நிறுத்தி, மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்த இடம் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்குத்தான் சேறு என்று பெயர்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடக்கும் சதுப்பான பள்ளத்தைச் சிங்களச் சகோதரர்கள் 'தெணிய' என்பார்கள். இந்த மாகாணத்தில் எத்தனை ஊர்ப்பெயர் அந்தச் சொல்லில் முடிகின்றது என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் கோரையும் கொஹிலவும் நாணலும் மண்டியிருக்கும். மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் அங்கே வேகம் அடங்கும்; கொண்டுவந்த மண்ணைப் படியவைக்கும்; அடியிலுள்ள கரிய மண் பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் வாரக்கணக்கில் ஓடைக்குக் கொடுக்கும். தேயிலையும் றப்பரும் நட்டவர்கள் மேட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். பின்னர் பள்ளத்திலும் கான் வெட்டி நீரை வடித்தார்கள். அதன்பின் மண் கொட்டி நிரப்பினார்கள். மேலே கான், கீழே வெள்ளம். மேலே வறட்சி, கீழே உப்புக் கரிக்கும் ஆற்றுமுகம். இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடைகாலமும் தோட்டத்தில் இருந்தால் போதும்.

வடக்கிலே குளத்தைத் தூர்க்க ஒருவன் வந்தால் ஊர் திரண்டு எழும். குளம் யாருடையது, வாய்க்கால் யாருடையது, முதல் மடை யாருக்கு என்பதெல்லாம் அங்கே எழுதாத சட்டமாக இருக்கிறது. இங்கே பள்ளத்தை நிரப்பினால் கேட்க ஆளில்லை. தோட்டம் துரையுடையது, பள்ளமும் துரையுடையது என்று நாம் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தைத்தான் இன்று உடைக்க விரும்புகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதற்கு 1975-இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் உடைமையாக்கின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் நெடுங்காலக் குத்தகையும் எழுதப்பட்டது. குத்தகைக்காரன் உடைமைக்காரனல்லன். அந்தத் தோட்டங்களின் மண் இன்றும் அரசினுடையது. அரசினுடையது என்றால் பொதுமக்களுடையது. அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரையின் 14-ஆம் பிரிவு, சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்துவதை அரசின் கடமையாக்குகிறது. 28-ஆம் உறுப்புரை, இயற்கையைக் காப்பதை இந்நாட்டிலுள்ள ஒவ்வொருவரின் கடமையாகவும் வைக்கிறது. 'ஒவ்வொருவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1948-இல் நம் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அந்தக் காயம் முழுதாக மூடப்படவில்லை. உரிமைகளின் பட்டியலில் நம்மைச் சேர்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தவர்கள், கடமைகளின் பட்டியலில் எப்போதும் சேர்த்தே வைத்திருந்தார்கள்! நல்லது. கடமை நமக்கு உண்டென்றால் கேள்வி கேட்கும் தகுதியும் நமக்கு உண்டு.

கேள்வி கேட்டு வென்றவர்கள் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலயில், பொசுபேற்றுப் படிவத்தைப் பன்னாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்க அரசு உடன்படிக்கை தயாரித்தபோது, அவ்வூர் விவசாயிகள் சிலர் நீதிமன்றப் படி ஏறினார்கள். நாட்டின் இயற்கைச் செல்வத்தை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறதே அன்றி, நினைத்தபடி கொடுத்துவிட அது அரசின் தனிச்சொத்தன்று என்ற கருத்தை 2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் நிலைநாட்டியது. நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய வழக்கொன்று பத்தரமுல்லையில் எழுந்தது. வெள்ளநீர் தேங்குவதற்கும் பொதுத் தேவைக்குமென்று மக்களிடமிருந்து சுவீகரிக்கப்பட்ட தாழ்நிலம், கனவான்கள் கோல்வ் பந்து அடிக்கும் மைதானமாயிற்று. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தைச் செல்லாதென்றது. நாட்டின் முன்னாள் ஜனாதிபதியையே 30 இலட்சம் ரூபாய் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. ஒரு சதுப்பு நிலத்துக்காக! அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகைபடக் கூறியதாக எண்ணாதீர்கள்.

கொழும்பைப் பாருங்கள். 2018-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தை அது பெற்றது. பெத்தகானையில் பூங்கா, மரப்பலகைப் பாதை, பறவை பார்க்கும் மேடை. நகரத்துச் சேற்றில் மீன்பிடிப் பூனை நடமாடுவதைத் தானியங்கிக் கமராக்கள் காட்டின. நல்ல காரியம், நான் பாராட்டுகிறேன். ஆயினும் இலங்கையின் ஆறு ராம்சார் நிலங்களையும் வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்: பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. சப்பிரகமுவ எங்கே? கொழும்பை நனைக்கும் களனிகங்கையின் கைகள் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் நீள்கின்றன. தலையில் நீரை நிறுத்தாமல் காலடியில் அணை கட்டுவதால் ஆவது என்ன?

கேகாலை மாவட்டத்திலே ஒரு சிறு ஓடையின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கலபிட்டமட என்ற ஊரின் அருகே வயலுக்கும் றப்பருக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் ஓடை அது. அதிலே இரு விரல் அகலம் கூட இல்லாத செந்நிற மீனொன்று வாழ்கிறது. 'பந்துல பெத்தியா' என்பது அதன் பெயர். 1991-இல்தான் விஞ்ஞானிகள் அதனை உலகுக்கு அறிவித்தார்கள். இயற்கையாக அது வாழும் இடம் உலகத்திலேயே அந்த ஓடையின் சில கிலோமீட்டர் மட்டும். அங்கே சரணாலயம் கிடையாது, வேலி கிடையாது. காட்டிலாகாவின் பலகையும் கிடையாது. கரையிலிருந்த செடிகளை வெட்டினார்கள். வெயில் நேரே நீரில் விழுந்தது. வயலுக்கு அடித்த மருந்து வடிந்து வந்தது. கரை சரிந்து மண் நிறைந்தது. கண்ணாடித் தொட்டிக்காரர்கள் வேறு பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த மீன் சில நூறாயிற்று. உலகில் மிகக் கொடிய ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் அதன் பெயர் ஏறியது.

பின்பு நடந்ததுதான் நமக்குப் பாடப்புத்தகம். 2010-களில் வனசீவராசிகள் திணைக்களமும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமும் டில்மா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும் அந்த ஓடைக்கு வந்தன. வேலி போட்டு மக்களைத் துரத்தினார்களா? துரத்தியிருந்தால் மீன் அழிந்தே போயிருக்கும். ஏனெனில் ஓடை முழுவதும் மக்களுடைய காணிகளுக்கு நடுவில் ஓடுகிறது. கரையில் செடிகளை மீட்டார்கள். வயற்காரரோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நாள் நஞ்சில் எல்லாம் போய்விடும் என்று, ஆராய்ந்து தேர்ந்த இன்னோர் ஓடையிலும் மீனைக் குடியேற்றினார்கள். காலத்துக்குக் காலம் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை உயர்ந்தது. ஆபத்து நீங்கிவிட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காரன் காவலனானால் ஒரு ஓடை திரும்பிவரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எண்ணியது முக்கியம், தோழர்களே. எண்ணாமல் விட்டிருந்தால் அந்த மீன் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எண்ணப்படாத மக்களுக்கு என்ன நேரும் என்பதை வாக்காளர் இடாப்பில் பெயரில்லாமல் வாழ்ந்த நம் பாட்டன்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி இரத்தினபுரிப் பக்கம் வருவோம். அறுவடை முடிந்த வயலிலே மாணிக்கக் குழி தோண்டுவது இங்கே பழைய வழக்கம். இல்லம் என்ற கூழாங்கற் படையை எடுத்துக் கழுவி, குழியை மூடி, அடுத்த போகத்துக்கு மறுபடி நாற்று நட்ட காலம் உண்டு. குழி தோண்டும் தொழிலை நான் பழிக்க வரவில்லை. இங்கே கூடியிருப்பவர்களில் பலர் அதில் சோறு உண்கிறார்கள். ஆனால் மூடாத குழி வயலைக் கொல்கிறது. கழுவிய சேறு ஓடையை மூடுகிறது. இயந்திரம் இறக்கி ஆற்றின் அடியையே கிண்டுகிறவன் கரையிலுள்ள நிலத்தையும் சேர்த்தே தின்கிறான். 1993-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை, குழியை மூடுவதற்கு ஈடாக வைப்புப் பணம் வாங்கிக்கொண்டே அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஏற்பாடு நல்லது. ஆனால் குழியை மூடுவதைவிட வைப்புப் பணத்தை இழப்பது மலிவாக இருக்குமானால், எந்த முதலாளி மூடுவான்? ஆகவே நமது முதற் கோரிக்கை இது: வைப்புத் தொகை மூடும் செலவைவிடக் குறையலாகாது, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, கல்லும் மணலும் முதலில், மேல்மண் இறுதியில் என்ற முறையில் குழி மூடப்பட வேண்டும், அதைச் சரிபார்க்கும் குழுவில் கீழ்வயற்காரன் ஒருவனும் இருக்க வேண்டும். மீண்டும் வயலாக்க முடியாத குழிகளை, சரிவான கரை அமைத்து, கோரையும் நாட்டு மீனும் விட்டு, சிறு ஈரநிலமாக்கலாம். செங்குத்தான கரையுடன் கிடக்கும் குழி குழந்தைகளுக்கு யமன்.

"சேற்றைக் காத்தால் நுளம்பு வருமே" என்று ஒரு தாயார் கேட்கிறார். அம்மா, நல்ல கேள்வி. இந்தக் கேகாலை மாவட்டமே அதற்குப் பதில் சொல்லும். 1934-35-இல் இத்தீவைத் தாக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்; மிகக் கொடிய அடி விழுந்த இடங்களில் கேகாலை முன்னே நின்றது. அது வெள்ளம் வந்த ஆண்டா? இல்லை. தென்மேல் பருவமழை பொய்த்த ஆண்டு. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில்தான் மலேரியா நுளம்பு பெருகியது. அன்று மருந்தும் அரிசியும் சுமந்து குடிசை குடிசையாகச் சென்ற இளைஞர்களில் ஒருவரான என். எம். பெரேராவை 1936-இல் ருவான்வெல்லை மக்கள் சட்டசபைக்கு அனுப்பியதும் உங்களில் மூத்தோர் கேள்விப்பட்ட செய்தியே. 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. மீனும் தும்பியும் தவளையும் வாழும் நல்ல ஈரநிலத்தில் நுளம்புக் குடம்பிக்குப் பகைவர் பலர் உண்டு. டெங்குவைப் பரப்பும் நுளம்போ லயத்துக் கூரைப்பீலியிலும் சிரட்டையிலும் எறிந்த டயரிலும் வளர்கிறது. பயப்பட வேண்டியது மூடாத குழிக்கும் அள்ளப்படாத குப்பைக்கும்.

குப்பை அள்ளுவது யார் என்று கேட்டால், நீண்ட காலம் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவு செய்ய வழியில்லை என்றார்கள். அந்தப் பிரிவு 2018-இல் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாட்டுச் செல்லாது.

விலங்குகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். 2020 மே மாதம் 26-ஆம் திகதி, சிவனொளிபாதமலைக்கு அப்புறம் நல்லதண்ணிப் பக்கத்தில், லக்ஷபான தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. நம் மாகாணத்து உடவளவைக்குக் கொண்டுவந்து வைத்தியம் செய்தார்கள்; மூன்றாம் நாள் இறந்தது. நாடே அழுதது. அழட்டும், அழ வேண்டிய காரியமே. ஆனால் 2016 மே 17-இல் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாளில், புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயக் குடும்பங்களும் மண்ணுக்குள் போயின. அந்தப் பெயர்களை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? சிறுத்தைக்கும் தொழிலாளிக்கும் போட்டி வைக்க நான் வரவில்லை. இரண்டு மரணங்களுக்கும் வேர் ஒன்று என்று காட்டவே வந்தேன். காணியற்றவன் ஓடைக்கரையில் மரக்கறி போடுகிறான், காடு சுருங்கிய பன்றி அங்கே வருகிறது, அவன் கம்பி வைக்கிறான், சிறுத்தை சாகிறது. காணியற்றவனுடைய லயம் சரிவின் கீழே நிற்கிறது, மழை வருகிறது, அவன் சாகிறான்.

பல ஆண்டுகளுக்கு முன் சுருக்கு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு தொழிலாளிக்காக நான் ஆஜரானேன். 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவருக்கு எதிரே மலைபோல நின்றது. தோட்ட வாசலில் எச்சரிக்கைப் பலகை இருந்ததென்று எதிர்த்தரப்பினர் கூறினர். எந்த மொழியில் என்று கேட்டேன். தமிழில் இல்லை. தண்டம் குறைந்தது, குற்றம் நின்றது. வெளியே வந்ததும் அவர், "ஐயா, அந்த ஓடையில நீர்நாய் குட்டியோட போறத நான் பத்து வருஷமா பாக்குறேன், ஒரு ஆள் என்கிட்ட கேட்டதில்ல" என்றார். அவர் கட்டிய தண்டத்தைவிட அந்தச் சொல் என்னை அதிகம் தண்டித்தது.

கேளுங்கள் என்பதே என் வாதம். விடியுமுன் மலைக்கு ஏறும் பெண்ணைவிட, இருட்டில் பால்வெட்டப் போகிறவனைவிட, இந்த மண்ணில் எந்த உயிர் எப்போது நடமாடுகிறதென்று அறிந்தவர் யார்? இலங்கைப் பறவைக் கழகத்தார் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். சிங்கராஜ வனத்தில் கலப்புப் பறவைக் கூட்டங்களைப் பல பத்தாண்டுகளாகக் குறித்து வருகிறார்கள். அத்தகைய கணக்கைத் தோட்டத்து ஓடைகளுக்கும் எழுதக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதும் நேரத்துக்குக் கூலி கேட்போம். ஓசியில் உழைத்தது போதும். படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

ஓர் ஐயத்தை மறைக்க மாட்டேன். ஓடை ஒதுக்கு நிலம் என்று பலகை நட்டு, நம் மக்களின் மரக்கறிப் பாத்திகளை மாத்திரம் பிடுங்கிவிட்டு, மேலே மண் கொட்டிய கம்பெனியைத் தொடாமல் விடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு உண்டு. எனக்கும் உண்டு. பாதுகாப்பு என்ற பெயரால் ஏழையை அகற்றுவது உலகத்தில் பல இடங்களில் நடந்த கதை. ஆகவே மாற்று நிலம் கையில் வரும்வரை ஒரு பாத்தியும் அகற்றப்படலாகாது என்பதை எழுத்தில் கேட்போம். கம்பெனி வெட்டிய கானை முதலில் அடைக்கட்டும். கானை அடைப்பதும் பெரிய வித்தையன்று: மேலிருந்து கீழாகப் படிப்படியாக மரமும் மண்ணும் கொண்டு சிறு தடுப்புகள் வைத்தால் நீர் பழைய பள்ளத்தில் பரவும், கொட்டிய மண்ணை அகற்றினால் கோரை தானே முளைக்கும். அழகுக்காக எதையும் கொண்டுவந்து விடாதீர்கள். அழகென்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கு 1909-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். சட்டப்புத்தகத்தில் அந்தச் சட்டம் ஏறியது, குளங்களில் ஆகாயத்தாமரையும் நின்றது!

சிங்கள விவசாயச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே தோட்டம், கீழே வயல்; மேலே தமிழன், கீழே சிங்களவன் என்று நம்மைப் பிரித்து வைத்தவர்கள் ஓடையைப் பிரிக்க முடியவில்லை. 2003-இலும் 2017-இலும் களுகங்கை பெருகியபோது அது மொழி கேட்டு வீடு புகவில்லை. பள்ளம் நிரம்பினால் எங்கள் பீலி வற்றும். உங்கள் வயல் மண்மூடும். வழக்கென்று வந்தால் மனுவில் இரண்டு பகுதியாரும் கையொப்பமிட வேண்டும். எப்பாவல வழக்கு ஊர் ஒன்றாய் நின்று நடத்திய வழக்கு என்பதை மறவாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. வாசலருகே மேசையில் கோடு போட்ட குறிப்பேடுகள் வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கு இரண்டு, கிராமத்துக்கு ஒன்று. முதற்பக்கத்தில் ஓடையின் பெயரும் அது தொடங்கும் இடமும் எழுதுங்கள். பிறகு கிழமைக்கு ஒருநாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்: பீலியில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம், நீரின் நிறம் என்ன, கண்ட விலங்கு, அதன் அடிச்சுவடு, கேட்ட தவளைக் குரல், புதிதாகக் கொட்டிய மண், மூடாத குழி. கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். கண்டதை மட்டும் எழுதிக் கையொப்பமும் திகதியும் இடுங்கள். அழித்து எழுதாதீர்கள், தவறினால் கோடிட்டு அருகில் திருத்துங்கள். ஒழுங்காக எழுதிய ஏடு நாளை நீதிமன்றத்தில் நிற்கும். நினைவிலிருந்து சொல்லும் சாட்சியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அரை மணியில் உருட்டிவிடுவார், நானும் அதைச் செய்திருக்கிறேன்.

எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதலாம். கண்டவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் தனித்தனியே இடவேண்டும். மூன்று மாதம் கழித்து இதே மண்டபத்தில் ஏடுகளைக் கொண்டுவந்து வையுங்கள். அவற்றைப் பார்த்து எந்தப் பள்ளத்துக்கு முதல் மனு என்று முடிவு செய்வோம். முன்வரிசைப் பெரியவர் எழுந்து மேசைப் பக்கம் போகிறார், அவருக்கு வழிவிடுங்கள்.